சொல்லிக்கொள்ளாமல்

பலகையில் சிவப்பாக முப்பத்தொன்று எரிந்துகொண்டிருந்தது. சந்தனமாரியின் வழக்கு நாற்பத்தாறு. முக்கால் மணி நேரமாக இந்த முப்பத்தொன்று நகரமாட்டேன் என்கிறது. முன்னால் கறுப்பு அங்கி போட்ட ஒருவர் பேசுகிறார், பேசுகிறார், ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி பேசுகிறார். மேலே இருக்கிற இரண்டு நீதிபதிகளில் மூத்தவர் தாடையைக் கையில் தாங்கிக்கொண்டு கேட்கிறார். எல்லாம் இங்கிலீஷில். பேசட்டும், அவருக்கென்ன அவசரம், சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் காபி குடிக்கப் போகிறவர். வியாழக்கிழமை அவருக்கு வெறும் வியாழக்கிழமை. அவளுக்கு அப்படியில்லை. இன்றைக்குத் திங்கள். வியாழக்கிழமை சிறையில் கமிட்டி உட்காருகிறது, யார் யாரை முன்கூட்டியே விடுதலை செய்யலாம் என்று பட்டியலைப் பார்க்கப்போகிறது. அந்தப் பட்டியலில் ஒன்பதாவது பெயராக இருந்தவர் அவள் புருஷன் சோலைராஜ். பதினான்கு வருஷம் முடித்தவர், ஒரு புகார் இல்லை, தறிக்கூடத்தில் நல்ல பெயர். பதினோரு வாரத்துக்கு முன்னால் அக்கா செத்துப்போனதற்காக மூன்று நாள் பரோலில் வந்தார். முதல் நாள் பொழுது சாய்வதற்குள் இழுத்துக்கொண்டு போனார்கள். மீதி இரண்டு நாள் பரோல் ரத்து. அதோடு விட்டார்களா, பரோலில் வந்து தப்பி ஓடியவன் என்று எழுதி, பட்டியலிலிருந்தும் பெயரை அடித்துவிட்டார்கள். அடுத்த பட்டியல் எப்போது வரும் என்று கேட்டதற்கு, அது அரசாங்கத்தின் விருப்பம் என்றார் சிறை அலுவலகத்தில் ஒருவர், அவள் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்காமல். ரெண்டு வருஷமும் ஆகலாம், ஆறு வருஷமும் ஆகலாம். பலகை முப்பத்திரண்டு என்று மாறியது.

தப்பி ஓட்டம். எங்கே ஓடினார்? எட்டு கிலோமீட்டர் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தார், கண்டக்டரைக் கூப்பிட்டு டிக்கெட் வாங்கினார், ஓடுகிறவன் டிக்கெட் வாங்கிக்கொண்டா ஓடுவான். இறங்கினது ஆவாரங்குளம் விலக்கு. நுழைந்தது சொந்த வீடு. பரோல் உத்தரவில் எந்த வீட்டு முகவரி போட்டிருந்ததோ அதே வீடு, அதே கதவு எண். தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈரத் துண்டோடு உட்கார்ந்து, ரசம் விட்ட சோற்றில் இரண்டாவது கவளம் வாய்க்குப் போகும்போது ஜீப் வந்து நின்றது. தப்பி ஓடியவரைப் பிடிப்பதற்கு ஐந்து பேர். சட்டை போட்டுக்கொள்ளட்டும் என்று அவள் கெஞ்சினாள், போடவிட்டார்கள், பொத்தான் போடவிடவில்லை. தெருவே பார்த்தது. மகள் பவித்ரா பார்த்தாள், பதினாலு வயசுப் பிள்ளை, அப்பாவைக் கம்பிக்கு அந்தப் பக்கம் வைத்தே பார்த்து வளர்ந்தவள், அன்றைக்குத்தான் முதல்முதலாக அவர் தட்டில் சோறு போட்டிருந்தாள். அந்தத் தட்டை இரண்டு நாள் கழுவாமல் வைத்திருந்தாள் அந்தப் பிள்ளை, எறும்பு மொய்த்த பிறகு சந்தனமாரிதான் பிடுங்கிக் கழுவினாள், கழுவும்போது திட்டினாள், யாரைத் திட்டினாள் என்று அவளுக்கே தெரியாது. இதெல்லாம் அந்த அறிக்கையில் எங்கே இருக்கிறது? அறிக்கை ஒரே பக்கம். வழிக்காவலுக்கு வந்த காவலர் தவசி எழுதிக் கொடுத்தது. கைதி வழிக்காவலரிடம் தகவல் ஏதும் தெரிவிக்காமல் துக்க வீட்டிலிருந்து வெளியேறித் தலைமறைவானார். தலைமறைவாம். சொந்த வீட்டில் சோறு தின்பதற்குப் பெயர் தலைமறைவு. அவள் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவள், நாளைக்கு இருபது சட்டை, ஒரு தையல் கோணினால் பிரித்துத் தைக்கச் சொல்லுவார் சூப்பர்வைசர். இவர்கள் ஒரு மனுஷனைக் கோணலாக எழுதிவிட்டு, பிரிக்க முடியாது, கோர்ட்டுக்குப் போ என்கிறார்கள்.

தகவல் ஏதும் தெரிவிக்காமல். சனியன், மனசு எங்கே சுற்றினாலும் இங்கேதான் வந்து மாட்டிக்கொள்கிறது. அன்றைக்குக் காலையில் இவரைக் கூட்டிக்கொண்டு வந்தபோது மேலச்சத்திரத்தில் இவருடைய அக்கா பூங்காவனம் மதினியைக் குளிப்பாட்டத் தயாராக வைத்திருந்தார்கள். பிறந்த வீட்டுக் கோடிக்காகத்தான் காத்திருந்தார்கள். கூடப்பிறந்தவன் கொண்டுவந்து போர்த்துகிற சேலை இல்லாமல் பொம்பளையை எடுக்க மாட்டார்கள். இவர் சேலையைப் பிரித்தார், மதினி மேல் போட்டுவிட்டு அப்படியே கால்மாட்டில் உட்கார்ந்துவிட்டார். பதினான்கு வருஷமும் மாதம் தவறாமல் தம்பியைப் பார்க்க வந்த அக்கா. மனு எழுதத் தெரியாது, வாசலில் யாரையாவது பிடித்து எழுதி வாங்கிக்கொண்டு நிற்பாள். அந்தக் காவலன் தவசி பந்தல் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தான். இரண்டு பேர் வந்திருக்கவேண்டுமாம், ஒருத்தன்தான் வந்தான். அவனைக் குறை சொல்வதற்கும் இல்லை, விலங்கு கொண்டுவந்திருந்தான், வெளியில் எடுக்கவேயில்லை. டீ கொடுத்தார்கள், குடித்தான். சுடுகாட்டுக்குப் பின்னாலேயே போனான், திரும்பி வந்தான், மறுபடி அதே நாற்காலி. வெயில் சுள்ளென்று அடித்தது, கண்ணை மூடிக்கொண்டான், தூங்கினானோ சும்மா மூடினானோ. சுடுகாட்டிலிருந்து வந்தவர்கள் விளக்கைப் பார்த்துவிட்டு ஒவ்வொருத்தராகக் கிளம்பினார்கள். இவரும் பார்த்தார். செருப்பைத் தேடினார். பிறகு அந்த நாற்காலிப் பக்கம் திரும்பினார். அவள் நன்றாகப் பார்த்தாள், திரும்பினார், ஒரு எட்டு எடுத்து வைத்தார், வாயைக்கூடத் திறந்தார். அவள் அவருடைய மணிக்கட்டைப் பிடித்தாள். "கேத வீட்டுல யார்கிட்டயும் சொல்லிக்கக் கூடாது, பேசாம வாங்க" என்றாள். பேசாமல் வந்தார்.

அவ்வளவுதான் நடந்தது. சாவு நடந்த வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் போய்வருகிறேன் என்று சொல்வார்களா? வாயில் அது வருமா? ஊரில் எந்தச் சாதியாவது சொல்லுமா? வந்தவர்கள் பாட்டுக்கு எழுந்து போய்க்கொண்டே இருப்பார்கள், யாரும் எங்கே என்று கேட்கமாட்டார்கள், போய் நேராகக் குளிப்பார்கள். சொன்னால் இன்னொரு தடவை அந்த வீட்டுக்கு அதே காரியத்துக்கு வரவேண்டியிருக்கும் என்று சின்ன வயசிலிருந்து அடித்து அடித்துச் சொல்லி வைத்திருக்கிறார்கள். அவள் யோசித்தா சொன்னாள்? மூக்கில் தூசி போனால் தும்முவோம், அப்படி வந்த வார்த்தை. அந்த நிமிஷத்தில் அவருக்குப் பக்கத்தில் நின்றது அவர் பொண்டாட்டி, கைதியின் பொண்டாட்டி இல்லை. பதினான்கு வருஷத்தில் அப்படி ஒரு நிமிஷம் வந்தது, எல்லாரையும் போல இரண்டு பேர் ஒரு சாவுக்குப் போய்விட்டுப் பஸ் ஏறினார்கள், அந்த நிமிஷத்தைப் பிடித்துத்தான் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். இல்லை, யார் மாட்டினது. நீதானே மாட்டினாய். அவர் சொல்லத்தான் போனார். உனக்கு என்னடி அத்தனை அவசரம். சொன்னால்தான் என்ன, மதினி போனதற்கு மேல் அந்த வீட்டில் என்ன வந்துவிடப்போகிறது. அந்தக் காவலன் அந்த வீட்டுக்காரனா, அவனிடம் சொன்னால் தோஷம் ஒட்டுமா. இப்படி ஒரு பக்கம் மனசு கொத்தும். கொத்தட்டும் என்று விட்டால் மறுபக்கம் ஆத்திரம் கொப்புளிக்கும், சாவு வீட்டில்கூட ஒரு மனுஷன் சாவு வீட்டுக்காரனாக இருக்கக் கூடாதா என்று. பதினோரு வாரமாக இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அவள் தூங்கி எழுந்து தைத்துக்கொண்டிருக்கிறாள். முப்பத்தாறு. மின்விசிறி காற்று கடைசி பெஞ்சுக்கு வரவில்லை.

முன் வரிசையில் ஜெசிந்தா திரும்பிப் பார்த்து, இன்னும் கொஞ்ச நேரம்தான் என்பது போலக் கையைக் காட்டினாள். ஜெசிந்தாதான் வக்கீல், முப்பது வயசு இருக்கும், அக்கா என்றுதான் கூப்பிடுவாள், இந்த மாதிரி வழக்குகளை வாதாடுவதற்கென்றே இருக்கிற பெண். நல்ல பெண். அந்த நல்ல பெண்ணிடம்தான் சந்தனமாரி பொய் சொல்லியிருக்கிறாள். முதல் நாள் ஆபீசில் உட்கார வைத்து, கிளம்பும்போது காவலரிடம் சொன்னாரா இல்லையா, இதுதான் முக்கியம், நல்லா யோசிச்சுச் சொல்லுங்க என்று கேட்டாள். யோசித்தாள். சொல்லவில்லை என்றால் ஏன் என்று கேட்பாள். நான்தான் தடுத்தேன் என்று சொல்லவேண்டும். தப்பிக்கத் தூண்டியது மனைவி என்று அதையும் எழுதுவார்கள், அவளையும் உள்ளே வைத்தால் பவித்ரா எங்கே போகும். "சொன்னாருங்க" என்றாள். "காதுல விழுந்துச்சா?" "விழுந்துச்சுங்க." அதை ஜெசிந்தா இங்கிலீஷில் எழுதினாள், தட்டச்சு செய்து கொண்டுவந்தாள், சந்தனமாரி ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டாள். அன்றைக்குப் போட்ட கையெழுத்து நேராகக்கூட வரவில்லை. அடுத்த வாரம் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று இவரிடம் கேட்டாள், உள்ளே விசாரித்தார்களே, என்ன சொன்னீர்கள் என்று. மறந்துட்டேன்னு சொன்னேன் என்றார். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்றதற்கு, பவித்ரா படிக்கிறாளா என்று கேட்டார். அவளைக் காட்டிக்கொடுக்கக் கூடாதென்று அந்த மனுஷன் மறதியை ஏற்றுக்கொண்டிருக்கிறார். ஒன்றையும் மறக்காத மனுஷன். பவித்ராவுக்கு எந்த வகுப்பில் எந்த டீச்சர் என்று கேட்டால் சொல்லுவார். அவர் மறந்தேன் என்கிறார், இவள் சொன்னார் என்கிறாள், தவசி சொல்லவில்லை என்கிறான். மூன்று பேரில் உண்மை சொன்னவன் அவன் ஒருத்தன்தான். அதை நினைத்தால் அவளுக்குப் பல்லைக் கடிக்கவேண்டும் போல இருந்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தது அவனேதான். சீருடையில் வந்திருந்தான், அக்குளில் ஒரு கோப்பு. குனிந்து மேடைக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு, இடம் தேடி, வேறு இடமே இல்லாதது போல அவள் உட்கார்ந்திருந்த பெஞ்சின் மறு கோடியில் வந்து உட்கார்ந்தான். அவளை அடையாளம் தெரிந்தது, லேசாகத் தலையை அசைத்தான். தலையை அசைக்கிறான். ரேஷன் கடையில் பார்த்த ஆள் மாதிரி. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஐம்பதை நெருங்குகிற ஆள், காதோரம் நரை, சட்டையில் இரண்டாவது பொத்தான் வேறு நூலில் தைத்திருந்தது, காக்கிக்குக் கறுப்பு நூல், அவசரத்தில் தானே தைத்துக்கொண்டிருப்பான், பொண்டாட்டி இல்லையோ என்னவோ. எனக்கென்ன வந்தது. இவன் சட்டையை நான் ஏன் பார்க்கவேண்டும். ஒரு வார்த்தை, அன்றைக்கு ஒரே ஒரு வார்த்தை இவன் மாற்றி எழுதியிருந்தால் போதும். கைதி வீட்டுக்குச் சென்றுவிட்டார் என்று எழுதியிருந்தால் அது பொய்யா? பயந்திருப்பான். கைதியைத் தவறவிட்டால் வேலை போகும், தூங்கினாயா என்று கேட்பார்கள். அதனால் அவர் ஓடிப்போனார் என்றால் இவன் தூங்கவில்லை என்று ஆகிவிடும். அவனவன் சோற்றைக் காப்பாற்றிக்கொள்ள அடுத்தவன் சோற்றுத் தட்டில் மண். பவித்ரா போட்ட சோறு. அவள் விரல்கள் முந்தானையின் ஓரத்தைத் திருகிக்கொண்டே இருந்தன. பலகையில் முப்பத்தொன்பதிலிருந்து நாற்பத்திரண்டுக்குத் தாவியது, நடுவில் இரண்டு வழக்குக்கு ஆள் வரவில்லையாம். இவ்வளவு நேரம் நகரவில்லை என்று திட்டியவள், இப்போது கொஞ்சம் நில்லேன் என்று நினைத்தாள்.

அவள் புருஷனும் ஒன்றும் உத்தமர் இல்லை. அதையும் அவள் மனசு விடுவதில்லை. ஆட்டோ ஸ்டாண்டில் சவாரி முறைக்காக ஒரு சண்டை, கையில் இருந்தது ஸ்பேனர், ஓங்கினது ஒரே தடவை, இருபத்தேழு வயசுப் பையன் போய்விட்டான். அவனுக்கும் ஒரு பொண்டாட்டி இருந்தாள், தீர்ப்பு அன்றைக்கு வாசலில் மண்ணை வாரித் தூற்றினாள், சந்தனமாரியின் தலையில் விழுந்தது, தட்டிவிடாமல்தான் வீட்டுக்கு வந்தாள். ஆயுள் தண்டனை கொடுத்தார்கள், அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. செய்தார், அனுபவிக்கிறார். அவர் செய்ததற்கு எத்தனை வருஷம் என்று சொன்னீர்களோ அத்தனையும் வரிசையில் நின்று, சோப்பும் பல்பொடியும் சோதனைக்குக் கொடுத்து, மனு எழுதி, கம்பி வழியாகவே குடும்பம் நடத்தியாகிவிட்டது. அதற்கு அவளுக்குக் கோபமே வந்ததில்லை, அழுகைதான் வந்தது. கோபம் இதற்குத்தான் வருகிறது. செய்ததற்குக் கொடுங்கள். செய்யாததற்குக் கொடுக்காதீர்கள். செத்துப்போன அக்காவுக்குச் சேலை போர்த்திவிட்டு, குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்ததற்கு எத்தனை வருஷம்? ரெண்டா, ஆறா? பவித்ரா கல்யாணமாகிப் போன பிறகு வெறும் வீட்டுக்கு வந்து அவர் என்ன செய்யவேண்டும்? இங்கே நின்று இதை யாரிடம் கேட்பது, எழுந்தால் அந்த டவாலி போட்ட ஆள் உட்கார் என்று கையைக் காட்டுகிறார். நீங்க வாயே திறக்கக் கூடாதுக்கா, எல்லாம் நான் பார்த்துக்கிறேன் என்று ஜெசிந்தாவும் காலையில் சொல்லிவிட்டாள். வாயைத் திறக்காதே, சொல்லிக்கொள்ளாதே, எல்லா இடத்திலும் இதே சட்டம்தான்.

நாற்பத்தாறு என்று கூப்பிட்டார்கள். ஜெசிந்தா எழுந்தாள். அரசாங்க வக்கீல் கோப்பைப் பிரித்தார். கொஞ்ச நேரம் இங்கிலீஷில் போனது, பரோல், பரோல் என்று மட்டும் காதில் விழுந்தது, எஸ்கேப் என்று இரண்டு தடவை. பிறகு அரசாங்க வக்கீல் ஒரு தாளை எடுத்து உயர்த்திக் காட்டினார். ஜெசிந்தாவின் முதுகு விறைத்ததைச் சந்தனமாரி கடைசி பெஞ்சிலிருந்தே பார்த்தாள். எந்தத் தாள் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. விசாரணையில் மறந்துவிட்டேன் என்று இவர் கையெழுத்துப் போட்ட தாள். மனைவி சொன்னார் என்கிறார், கைதி மறந்தேன் என்கிறார், இதில் எதை நம்புவது, நீதிமன்றத்தில் பொய்ப் பிரமாணம் வேறு. அந்த ஆள் அப்படித்தான் கேட்டிருக்கவேண்டும், ஏனென்றால் மூத்த நீதிபதி தாடையிலிருந்து கையை எடுத்துவிட்டார். காவலர் வந்திருக்கிறாரா என்று கேட்டார். தவசி எழுந்து முன்னால் போய் விறைப்பாக நின்றான். கிளம்பும்போது கைதி உங்களிடம் சொன்னாரா என்று தமிழில் கேட்டார் நீதிபதி. "இல்லீங்கய்யா" என்றான். அவன் குரலில் வீறாப்பு ஒன்றும் இல்லை. மனுதாரர் வந்திருக்கிறாரா என்றார். ஜெசிந்தா திரும்பினாள். அவள் கண்ணில் கெஞ்சல் இருந்தது, சொன்னதையே சொல்லுங்கள் என்கிற கெஞ்சல், சொன்னது பொய் என்று இப்போது தெரிந்துகொண்ட கெஞ்சல். சந்தனமாரி பெஞ்சுகளுக்கு நடுவில் நடந்தாள். அது எத்தனை எட்டு என்று அவளுக்குத் தெரியாது. சொன்னார் என்றால் இவன் பொய்யன், அவர் வெளியே வரலாம், ஒருவேளை. சொல்லவில்லை என்றால் அவர் ஓடினவர், நான் பொய்க்காரி. எதைச் சொன்னாலும் ஒருத்தன் தலையில் விழும். கை கூப்பினாள். உங்கள் கணவர் காவலரிடம் சொன்னாரா என்று கேட்டார் நீதிபதி, மெதுவாகத்தான் கேட்டார்.

"சொல்லலைங்கய்யா" என்றாள் சந்தனமாரி. பின்னால் யாரோ மூச்சை இழுத்தார்கள். "அவரு மறக்கவும் இல்லைங்க. சொல்லத்தான் போனாரு. நான்தான் கையப் புடிச்சு, கேத வீட்டுல சொல்லிக்கக் கூடாது, பேசாம வாங்கன்னு கூட்டிட்டு வந்தேன். வக்கீலம்மாகிட்ட நான்தான் பொய் சொன்னேன், அவங்களுக்குத் தெரியாது. உள்ள வைக்கிறதுன்னா என்னைய வைங்க." அழக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள், அழுதால் அந்தத் தாளைக் காட்டிய ஆளுக்கு நல்லதாகப் போய்விடும். அரசாங்க வக்கீல் உடனே பிடித்துக்கொண்டார், இந்த ஊர் வழக்கமெல்லாம் கைதிக்குப் பொருந்தாது, நிபந்தனை நிபந்தனைதான், வழிக்காவலருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று தமிழிலும் இங்கிலீஷிலும் கலந்து பேசினார். பேசி முடிக்கிற வரை நீதிபதி விட்டார். பிறகு தவசியைப் பார்த்தார். ஆள் இல்லை என்று தெரிந்ததும் அந்த வீட்டில் யாரிடமாவது விசாரித்தீர்களா என்று கேட்டார். "இல்லீங்கய்யா." கைதியின் வீடு எட்டு கிலோமீட்டரில்தானே, அங்கே போய்ப் பார்த்தீர்களா. இல்லை, நேராக ஸ்டேஷனுக்குப் போய்த் தகவல் கொடுத்தேன் என்றான். அப்படியானால் நீங்கள் அந்த வீட்டிலிருந்து கிளம்பும்போது, ஆளைக் காணவில்லை, ஸ்டேஷனுக்குப் போகிறேன் என்று யாரிடமாவது சொல்லிவிட்டுத்தானே போயிருப்பீர்கள் என்றார். யாரிடமும் சொல்லவில்லை என்றான் தவசி. ஏன் என்று கேட்டார் நீதிபதி. அவன் தொப்பியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான். அரசாங்க வக்கீலைப் பார்த்தான், அவர் கோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் பதில் சொல்வதற்குள் சந்தனமாரிக்குத் தெரிந்துவிட்டது. அவள் அதுவரை, பதினோரு வாரத்தில் ஒரு தடவைகூட, அந்த ஆள் அந்தப் பந்தலிலிருந்து எப்படிக் கிளம்பிப் போயிருப்பான் என்று நினைத்துப் பார்த்ததேயில்லை.

"கேத வீடுங்கய்யா" என்றான் தவசி.

ஒருத்தரும் சிரிக்கவில்லை. வக்கீல்கள் வரிசையில் ஒருவர் மட்டும் இருமினார். இரண்டு நீதிபதிகளும் தலையைச் சாய்த்துக் கொஞ்சம் பேசிக்கொண்டார்கள், பிறகு மூத்தவர் இங்கிலீஷில் சொல்லச் சொல்லக் கீழே ஒரு பெண் வேகமாகத் தட்டினாள். நடுவில் அவளைப் பார்த்து, பொய்ப் பிரமாணம் கொடுப்பது தப்பு, இன்னொரு தடவை செய்தால் விடமாட்டோம் என்று தமிழில் ஒரு வரி. சரிங்கய்யா என்றாள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. வெளியே நடைபாதைக்கு வந்த பிறகுதான் ஜெசிந்தா அவள் தோளைப் பிடித்து நிறுத்திச் சொன்னாள், பெயரை அடித்த உத்தரவையே ரத்து செய்துவிட்டார்களாம், வியாழக்கிழமைக்கு முன்னால் பட்டியலில் பெயரைச் சேர்த்தாக வேண்டுமாம். என்கிட்ட உண்மையச் சொல்லியிருக்கலாமேக்கா என்று கோபித்துக்கொண்டாள், கோபித்துக்கொண்டே கண்ணையும் துடைத்துக்கொண்டாள், உத்தரவு நகலுக்கு ஓடவேண்டும் என்று ஓடினாள். சந்தோஷம் வரும் என்று சந்தனமாரி நின்றாள். பெயர் சேர்ந்துவிடும், கமிட்டி பார்க்கும், தீபாவளிக்கு முன்னால் அவர் வந்தாலும் வருவார், பவித்ரா சோறு போடும். எல்லாவற்றையும் வரிசையாக நினைத்துப் பார்த்தாள். வந்தது சந்தோஷம் இல்லை. கேத வீடு, இரண்டே வார்த்தை. ஜீப்பில் வந்த ஐந்து பேருக்கும் தெரியும், அறிக்கையை வாங்கிப் படித்த ஏட்டுக்குத் தெரியும், பட்டியலில் கோடு போட்ட அதிகாரிக்கும் தெரியும், அவர்கள் வீட்டிலெல்லாம் சாவு விழுந்ததில்லையா. தெரிந்துகொண்டே பதினோரு வாரம். மற்ற கைதிகளோடு பேசக் கூடாதென்று அவரைத் தனியாகப் போட்டிருந்த பதினோரு வாரம். உடம்பெல்லாம் எரிந்தது அவளுக்கு.

தவசி கோப்பை அக்குளில் வைத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தான். அவள் வேகமாக நடந்து முன்னால் போய் மறித்து நின்றாள். உள்ளே பேசினதைவிடச் சத்தமாகத்தான் வந்தது குரல், பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல? ஸ்டேஷன்ல சொல்லியிருக்கலாம்ல, ஜெயில்ல விசாரிச்சப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?"

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். சாக்குச் சொல்லப்போகிறான், மேலதிகாரி மேல் தள்ளிவிடப்போகிறான், அதற்கு என்ன பதில் கொடுக்கலாம் என்று அவள் வாய் தயாராக இருந்தது.

"எங்க போனான், எப்ப போனான்னு கேட்டாங்கம்மா. ஏன் சொல்லாமப் போனான்னு இன்னிக்கு வரைக்கும் யாரும் என்னையக் கேக்கலை" என்றான்.

அவன் பொய் சொல்லவில்லை என்பது பார்த்த உடனே தெரிந்தது. அவளுக்கு அதுதான் பொறுக்கவில்லை.